ஒரு ஃபார்த்திங் தீர்ப்பு

பன்னாட்டு நிறுவனங்கள் பலவும் இந்நாளில் தம் ஆண்டறிக்கையோடு மனித உரிமை அறிக்கை ஒன்றையும் வெளியிடுகின்றன. கட்டாய உழைப்பு எம்மிடம் இல்லை, குழந்தை உழைப்பு இல்லை, சங்கம் அமைக்கும் உரிமையை மதிக்கிறோம் என்றெல்லாம் அவற்றில் உறுதிமொழிகள் அணிவகுக்கும். இவற்றை நாம் எப்படிப் படிப்பது? முழுவதையும் நம்பிவிடுவதா, முழுவதையும் தள்ளிவிடுவதா? நூறாண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் நடந்த ஒரு வழக்கு இதற்கு நல்ல பாடமாக அமையும் என்று கருதுகிறோம்.

வழக்கைத் தொடுத்தது கேட்பரி நிறுவனம். அதன் உரிமையாளர்கள் குவேக்கர் எனப்படும் கிறித்தவப் பிரிவினர். அடிமை வணிகத்துக்கு எதிராக இங்கிலாந்தில் முதலில் குரல் எழுப்பியோருள் குவேக்கர்களும் உண்டு. ரிச்சர்ட் கேட்பரி, ஜார்ஜ் கேட்பரி என்னும் சகோதரர் இருவரும் 1879-ல் பர்மிங்காம் நகரின் நெரிசலை விட்டு விலகி, போர்ன்வில் என்னுமிடத்தில் புதிய ஆலையை நிறுவினர். பின்னர் அதனருகே தோட்டங்களோடு கூடிய வீடுகள் கொண்ட ஒரு சிற்றூரும் எழுந்தது. தொழிலாளருக்கு விளையாட்டுத் திடல், மருத்துவ வசதி, ஓய்வூதிய நிதி என அக்காலத்தில் அரிதாயிருந்த நலன்கள் பல அங்கே கிடைத்தன. தொழிலாளர் நலனுக்கு எடுத்துக்காட்டு என்று போர்ன்வில்லையே உலகம் சுட்டிக்காட்டியது. அந்தப் புகழ் பொய்யன்று.

ஆனால், ஆலைக்குள் வந்த கொக்கோ எங்கே விளைந்தது? 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதில் ஏறத்தாழப் பாதி, ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் கினி வளைகுடாவில் உள்ள சாவோ தோமே, பிரின்சிப்பி என்னும் இரு சிறு தீவுகளிலிருந்து வந்தது. அவை போர்த்துகலின் காலனிகள். சட்டப்படி அங்கே அடிமை முறை 1870-களிலேயே ஒழிந்துவிட்டது. தோட்டங்களில் உழைத்தோருக்கு 'செர்விசாயிஸ்' என்று பெயர். ஐந்தாண்டு ஒப்பந்தத் தொழிலாளர் என்று பொருள்படும்படி அச்சொல் வழங்கிவந்தது. அங்கோலாவின் உட்பகுதிகளில் பிடிக்கப்பட்டும் விலைக்கு வாங்கப்பட்டும் கடற்கரைக்கு நடத்திவரப்பட்ட மக்கள் அவர்கள். அதிகாரி ஒருவர் முன்னிலையில் ஒப்பந்தம் பதிவாகும். ஆயினும் மறுத்துப் பேசும் உரிமை எவர்க்கும் இல்லை. ஐந்தாண்டு முடிந்ததும் ஒப்பந்தம் தானே புதுப்பிக்கப்படும். ஊர் திரும்பியவர் அநேகமாக ஒருவரும் இல்லை.

நிறுவனத்துக்கு இது எப்போது தெரிந்தது என்பதே இவ்வரலாற்றின் மையக் கேள்வி. 1901-ல் சாவோ தோமேயில் விற்பனைக்கு வந்த தோட்டம் ஒன்றின் சொத்துப்பட்டியல் குடும்பத்தின் அடுத்த தலைமுறையினரான வில்லியம் கேட்பரியின் பார்வைக்கு வந்தது. அதில் 200 கறுப்பினத் தொழிலாளர்கள், மதிப்பு 3,555 பவுண்டு என்றொரு வரி இருந்தது. கூலிக்கு வந்த ஆளுக்கு விலை போட முடியுமா? அந்த ஒரு வரியே உண்மையைச் சொல்லிவிட்டது.

அதன்பின் நடந்தவற்றை நிதானமாகப் பார்ப்போம். 1903-ல் வில்லியம் கேட்பரி லிஸ்பனுக்குச் சென்று அதிகாரிகளையும் தோட்ட முதலாளிகளையும் சந்தித்தார். அவ்வாண்டில்தான் போர்த்துகல், தொழிலாளர் ஊர் திரும்பும் செலவுக்காகக் கூலியில் ஒரு பகுதியை ஒதுக்கும் புதிய சட்டத்தை இயற்றியிருந்தது. பொறுத்திருந்து பாருங்கள், வேண்டுமானால் ஆளனுப்பி விசாரியுங்கள் என்பதே தோட்ட முதலாளிகளின் பதில். ஜோசப் பர்ட் என்பவர் தேர்ந்தெடுக்கப்பட்டு, போர்த்துகீசிய மொழி பயின்று, 1905-ல் தீவுகளை அடைந்தார். கேட்பரியின் புகழ்பெற்ற 'டெய்ரி மில்க்' கடைகளுக்கு வந்ததும் அதே 1905-ல்தான்!

இதற்கிடையே ஹென்றி நெவின்சன் என்னும் பத்திரிகையாளர் தனியாக அங்கோலா முழுவதும் அலைந்து திரும்பினார். நடைபாதையோரங்களில் கால்விலங்காகப் பயன்பட்ட மரக்கட்டைகள் கிடந்ததை அவர் எழுதினார். அவருடைய நூல் 1906-ல் வெளிவந்தது. பர்ட் 1907-ல் திரும்பி வந்து அளித்த அறிக்கையும் இதே முடிவையே உறுதி செய்தது. ஆனால் பிரிட்டிஷ் வெளியுறவுத்துறை அவசரம் காட்டவில்லை. திரான்ஸ்வால் தங்கச் சுரங்கங்களுக்கு மொசாம்பிக்கிலிருந்து ஆள் திரட்டப் போர்த்துகலின் தயவு அதற்குத் தேவைப்பட்டது. கேட்பரியும் காத்திருந்தது. கொள்முதலும் தொடர்ந்தது.

1908 செப்டம்பரில் லண்டனின் 'ஸ்டாண்டர்ட்' நாளேடு இந்த முரணைக் கடுமையாகச் சாடியது. ஜார்ஜ் கேட்பரிக்குச் சொந்தமான 'டெய்லி நியூஸ்' நாளேடு, தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளரின் நிலையை அடிமைத்தனம் என்று முன்பு கண்டித்திருந்தது. அந்தக் கண்டனம் இப்போது அவருக்கே திருப்பிக் காட்டப்பட்டது. நிறுவனம் அவதூறு வழக்குத் தொடுத்தது. 1909 மார்ச்சில், கேட்பரி, ஃப்ரை, ரௌண்ட்ரீ ஆகிய மூன்று நிறுவனங்களும் அத்தீவுகளின் கொக்கோவை இனி வாங்குவதில்லை என்று அறிவித்தன. அதே ஆண்டின் இறுதியில் பர்மிங்காம் நீதிமன்றத்தில் வழக்கு விசாரணைக்கு வந்தது.

நாளேட்டின் வழக்கறிஞர் எட்வர்ட் கார்சன் தன் கேள்விகளைக் காலத்தின் மேலேயே தொடுத்தார். 1901-ல் அறிந்தீர்கள், 1909 வரை வாங்கினீர்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் உங்கள் கொக்கோவுக்காக மாண்டவர் எத்தனை பேர் என்று கணக்கிட்டதுண்டா? வில்லியம் கேட்பரியிடம் அதற்குக் கணக்கு இல்லை. நடுவர் குழு நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. ஆனால் இழப்பீடாக அது விதித்த தொகை ஒரு ஃபார்த்திங். அதாவது கால் பென்னி. அன்றைய இங்கிலாந்தின் மிகச்சிறிய நாணயங்களுள் ஒன்று அது.

கேட்பரியை வெறும் வேடதாரி என்று கூறுவது எளிது, அது நியாயமாகாது. வாங்குவதை உடனே நிறுத்தினால் போர்த்துகலை வற்புறுத்தும் வலிமை போய்விடும் என்று அவர்கள் வாதிட்டதில் ஓரளவு பொருளுண்டு. அவர்கள் விலகிய பின்னும் வேறு நாட்டு வணிகர்கள் அந்தக் கொக்கோவை வாங்கவே செய்தனர். தம் செலவில் ஆளனுப்பி உண்மையைத் தேடிய நிறுவனங்கள் அக்காலத்தில் எத்தனை இருந்திருக்கும்? நல்லெண்ணம் இருந்தது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அந்த நல்லெண்ணத்துக்குக் கெடு இல்லை. காத்திருப்பின் விலையைப் போர்ன்வில் கொடுக்கவில்லை, அங்கோலாவிலிருந்து வந்தவர்கள் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர்கூடச் சாட்சிக் கூண்டில் ஏறவில்லை என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

இது பழங்கதை அன்று. ஒரு நிறுவனத்தின் பொறுப்பு அதன் சொந்த ஆலையோடு நின்றுவிடாது, அதற்குப் பொருள் வழங்குவோரின் தோட்டம் வரை நீளும் என்ற கருத்தை ஐக்கிய நாடுகள் அவை தன் வழிகாட்டு நெறிகளில் ஏற்றுக்கொண்டது 2011-ல்தான். அதற்குப் பத்தாண்டு முன்னதாக, 2001-ல், பெரிய சாக்லேட் நிறுவனங்கள் மேற்கு ஆப்பிரிக்கக் கொக்கோத் தோட்டங்களில் மிகக் கொடிய குழந்தை உழைப்பை 2005-க்குள் ஒழிப்பதாக ஒப்பந்தம் செய்திருந்தன. அந்தக் கெடு 2008-க்கும், பின் 2010-க்கும் தள்ளிப்போனது. அதன்பின் 2020-க்குள் 70 விழுக்காடு குறைப்பது என்று இலக்கே சுருங்கியது. 2020-ல் சிகாகோ பல்கலைக்கழகம் சார்ந்த ஆய்வு மையம் வெளியிட்ட அறிக்கை, ஐவரி கோஸ்ட், கானா நாடுகளின் கொக்கோ விளையும் பகுதிகளில் ஏறத்தாழ 15.6 லட்சம் குழந்தைகள் அத்தொழிலில் குழந்தை உழைப்பில் ஈடுபட்டிருப்பதாகக் கூறியது.

ஆகவே, மனித உரிமை அறிக்கை ஒன்று நம் கைக்கு வரும்போது, அதிலுள்ள சொற்களைவிட ஆண்டுகளைக் கவனிப்போம். எப்போது தெரிந்தது? எப்போது நிறுத்தினார்கள்? இடையில் எத்தனை பருவம் அறுவடையானது? உழைத்தவரின் வாய்ச்சொல் அந்த அறிக்கையில் எங்கேனும் இருக்கிறதா? கால் பென்னித் தீர்ப்பு வழங்கிய பர்மிங்காமின் அந்தச் சாதாரண மனிதர்களுக்குச் சட்ட நுணுக்கம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எட்டு ஆண்டு என்பது எவ்வளவு நீளம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.