பழைய புல்லட்டைப் புதுப்பித்தல்

பழைய புல்லட்டைப் புதுப்பித்தல் என்பது, சென்னை திருவொற்றியூர் ஆலையில் தயாரான பழைய புல்லட் மோட்டார் சைக்கிள்களை உரிமையாளர்கள் வீட்டிலேயே பிரித்து, பழுது நீக்கி, மீண்டும் ஓடும் நிலைக்குக் கொண்டுவரும் பணியாகும். இந்தியாவில் பழைய வண்டிகளைப் புதுப்பிப்பவர்கள் விரும்பிக் கையிலெடுக்கும் வண்டிகளுள் புல்லட்டும் ஒன்று. அடிப்படையில் ஒரே வடிவம் அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தயாரிப்பில் இருந்ததே அதற்கு முதன்மைக் காரணம். எந்த ஆண்டு வண்டிக்கும் ஏதோ ஓர் ஆண்டின் உதிரிபாகம் பொருந்திவிடும். இதே வசதியால், புதுப்பிக்கப்படும் வண்டி தன் சொந்த ஆண்டின் அடையாளத்தை இழந்துவிடுவதும் உண்டு.

ரெட்டிச் முதல் திருவொற்றியூர் வரை

ராயல் என்ஃபீல்டு, இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் இயங்கிய நிறுவனம். என்ஃபீல்டு என்னும் ஊரில் இருந்த அரசு ஆயுதத் தொழிற்சாலைக்கு உதிரிபாகங்கள் செய்துகொடுத்ததால் அப்பெயரும் பீரங்கிச் சின்னமும் அமைந்தன. 1901-இல் அதன் முதல் மோட்டார் சைக்கிள் வெளிவந்தது. 1932 நவம்பரில் லண்டன் ஒலிம்பியா கண்காட்சியில் 'புல்லட்' என்ற பெயர் முதன்முறையாக அறிமுகமானது.

இந்தியர்கள் அறிந்த புல்லட்டின் உருவம் இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்தது. 1949-இல் விற்பனைக்கு வந்த 350 சிசி புல்லட்டில் பின்சக்கரம் ஊஞ்சல்போல் மேலும் கீழும் அசையும் கவையில் பொருத்தப்பட்டு, இருபுறமும் அதிர்வு தாங்கிகள் வைக்கப்பட்டன. பின்சக்கரம் சட்டத்தோடு அசையாமல் பிணைந்திருந்த வண்டிகளே பரவலாக இருந்த காலத்தில் இது பெரிய மாற்றம்.

விடுதலைக்குப் பின் இந்திய அரசு, எல்லைக் காவலுக்கு ஏற்ற மோட்டார் சைக்கிளாகப் புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. 1955-இல் ரெட்டிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இணைந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. இங்கிலாந்திலிருந்து பாகங்களாக வந்த வண்டிகள் முதலில் சென்னையில் பூட்டப்பட்டன. பின்னர் அச்சுகளும் கருவிகளும் வந்து சேர, 1962-க்குள் எல்லாப் பாகங்களும் இந்தியாவிலேயே தயாராயின.

ரெட்டிச் ஆலை 1967-இல் மூடப்பட்டது. 1970-இல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு தயாரிப்பு முற்றிலும் நின்றது. தாய் ஆலை மறைந்த பின்னும் திருவொற்றியூரில் புல்லட் தொடர்ந்து உருவானது. 1977-இல் சென்னைப் புல்லட்டுகள் இங்கிலாந்துக்கும் ஐரோப்பாவுக்கும் ஏற்றுமதியாகத் தொடங்கின. 1994-இல் ஐஷர் குழுமத்தின் கைக்கு முழுமையாக மாறிய பின் நிறுவனம் ராயல் என்ஃபீல்டு என்ற பழைய பெயரை ஏற்றது.

மாறாத எந்திரம்

பழைய 350 சிசி புல்லட்டின் எஞ்சின், 70 மில்லிமீட்டர் விட்டமும் 90 மில்லிமீட்டர் வீச்சும் கொண்ட ஒற்றைச் சிலிண்டர். கொள்ளளவு 346 சிசி. சிலிண்டர் வார்ப்பிரும்பால் ஆனது, அதன் தலைப்பகுதி அலுமினியம். வால்வுகளை நீண்ட தள்ளுகம்பிகள் இயக்குகின்றன. எஞ்சின் எண்ணெய்க்குத் தனித் தொட்டி கிடையாது. எஞ்சின் கூட்டிலேயே ஓர் அறை அதற்கு ஒதுக்கப்பட்டுள்ளது. நான்கு கியர் கொண்ட பெட்டி தனியாகச் செய்யப்பட்டு எஞ்சினின் பின்புறம் போல்ட்டால் இணைக்கப்பட்டது. கியர் வலது காலிலும் பிரேக் இடது காலிலும் இருந்தன.

2009-இல் எஞ்சினும் கியரும் ஒரே கூட்டில் அமைந்த புதிய வகை வந்து, வார்ப்பிரும்பு எஞ்சின் விடைபெறும் வரை இந்த அடிப்படை அமைப்பு நீடித்தது. இடைப்பட்ட காலத்தில் 6 வோல்ட் மின்சாரம் 12 வோல்ட் ஆனது. கார்புரேட்டர், விளக்கு, இருக்கை, சைலன்சர் ஆகியவை மாறின. ஒரு வண்டியின் காலத்தைக் கணிக்க உதவுபவை இத்தகைய சிறு மாற்றங்களே.

பழைய வண்டிகள் மிஞ்சிய விதம்

காவல்துறையும் ராணுவமும் பயன்படுத்திக் கழித்த புல்லட்டுகள் ஏலத்தில் பொதுமக்களிடம் வந்தன. ராணுவ ஏலத்தில் வாங்கிய வண்டி பிறகுதான் பொதுப் பதிவு பெறும் என்பதால், அதன் பதிவு ஆண்டும் தயாரிப்பு ஆண்டும் வேறாக இருக்கலாம். வட மாநிலங்களில் பல வண்டிகளின் பெட்ரோல் எஞ்சின் கழற்றப்பட்டு, தண்ணீர் இறைக்கும் பம்புகளில் உள்ளவை போன்ற சிறு டீசல் எஞ்சின்கள் பொருத்தப்பட்டன. அப்படி மாறிய வண்டிக்கு மூல எஞ்சினைத் தேடிப்பிடிப்பது கடினம்.

சென்னையில் உதிரிபாகத் தேடல் இரண்டு இடங்களில் தொடங்கும். புதிய பாகங்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலை. கழித்த வண்டிகளின் பழைய பாகங்களுக்குப் புதுப்பேட்டை.

வீட்டில் நடக்கும் வேலை

*பிரித்தல்:* ஒரு போல்ட்டைக்கூடத் தொடுவதற்கு முன் வண்டியின் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்துக்கொள்வது வழக்கம். ஒயர் செல்லும் வழி, கேபிள் வளையும் இடம், வாஷர்களின் வரிசை ஆகியவை பிரித்த பின் நினைவில் நிற்பதில்லை. கழற்றும் பாகங்களைப் பகுதிவாரியாகத் தனித்தனி டப்பாக்களில் போட்டுப் பெயர் எழுதி வைப்பார்கள். பழைய புல்லட்டில் பல மரைகள் பிரிட்டிஷ் அளவில் அமைந்தவை. மில்லிமீட்டர் ஸ்பேனரை அவற்றில் போட்டு இறுக்கினால் நட்டின் முனைகள் மழுங்கிவிடும். துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு எண்ணெய் விட்டு ஓரிரு நாள் ஊறவைப்பதே பாதுகாப்பான வழி.

*எஞ்சின்:* சிலிண்டர் தலையைக் கழற்றிக் கரியைச் சுரண்டுவதும், வால்வுகளை அவற்றின் இருக்கையில் பசை தடவித் தேய்த்துப் பொருத்துவதும் வீட்டில் செய்யக்கூடியவை. டேப்பட் சரிசெய்ய எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். இரு வால்வுகளும் மூடிய நிலையில், தள்ளுகம்பி மேலும் கீழும் ஆடாமலும் விரலால் சுழற்றினால் தடையின்றிச் சுழலும்படியும் அமைந்தால் அளவு சரி.

எஞ்சினின் உயிர்நாடி எண்ணெய்ப் பாதை. வலதுபுற மூடியிலிருந்து கிராங்குக்கு எண்ணெய் செல்லும் இடத்தில் ஒரு சிறு கார்க் அடைப்பு இருக்கிறது. அது நைந்துபோனால் எண்ணெய் வழியிலேயே கசிந்துவிடும். கனெக்டிங் ராடின் பெரிய முனை வறண்டு தேயும். முன்னாளைய வண்டிகளில் இம்முனையில் உருளைகள் கிடையாது. எண்ணெய்ப் படலத்தின்மீது சுழலும் மிதக்கும் புஷ் ஒன்றே இருந்தது. எனவே மூடியைத் திறந்தவர்கள் கார்க்கை மாற்றாமல் மூடுவதில்லை.

*மின்சாரம்:* பழைய ஒயர்களின் உறை காய்ந்து வெடித்திருக்கும். ஒட்டுப்போடுவதைவிட ஒயர் கட்டை முழுதாக மாற்றுவது நல்லது. 6 வோல்ட் வண்டியை 12 வோல்ட்டுக்கு மாற்றுபவர்கள் பேட்டரியோடு பல்பு, காயில், ஹாரன் ஆகியவற்றையும் மாற்ற வேண்டும்.

முகப்பிலுள்ள ஆம்பியர் மானி அலங்காரத்துக்கு வைத்ததன்று. சாவியைத் திருப்பிக் கிக்கரை மெல்ல அழுத்தும்போது முள் ஒரு பக்கம் சாய்ந்து, பாயிண்ட் திறக்கும் கணத்தில் நடுவுக்குத் திரும்பும். பிஸ்டன் அழுத்த வீச்சின் மேல் எல்லையை நெருங்கிவிட்டது என்பதற்கு அதுவே குறி. அப்போது டிகம்ப்ரஷன் நெம்பை இழுத்துக் கிக்கரைச் சற்று நகர்த்தி, நெம்பை விட்டுவிட்டு முழுமூச்சாக உதைத்தால் வண்டி கிளம்பும். வரிசை தவறினால் கிக்கர் திருப்பி அடித்துக் காலைப் பதம்பார்க்கும்.

*பாதுகாப்பு:* பெட்ரோல் இருந்த டேங்கை வெல்டிங் செய்வது பேராபத்து. காலி டேங்கில் தேங்கியிருக்கும் ஆவியே வெடிக்கப் போதும். பழைய பிரேக் கட்டைகளில் கல்நார் இருந்திருக்கலாம் என்பதால், அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

பட்டறையை நாடும் வேலைகள்

வீட்டுப் புதுப்பித்தல் எனினும் சில வேலைகளுக்கு வெளியே செல்லத்தான் வேண்டும். தேய்ந்த சிலிண்டரைப் போர் செய்து அடுத்த அளவுப் பிஸ்டன் போடுவதும், கிராங்கைப் பிரித்துக் கோப்பதும் லேத் பட்டறை வேலை. குரோம் பூச்சுக்கு முலாம் பூசும் கூடம் வேண்டும். 19 அங்குலச் சக்கரத்தின் 40 கம்பிகளையும் மாற்றிக் கோட்டம் எடுப்பதைப் பலரும் அனுபவமுள்ள கைகளிடமே விடுகிறார்கள். டேங்கில் ஓடும் பொன்னிறக் கோடுகளும் அத்தகையவை. திருவொற்றியூர் ஆலையில் அவை கையால், தூரிகை கொண்டு இழுக்கப்பட்டன. ஸ்டிக்கர் ஒட்டினால் வேறுபாடு அருகில் வந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

அசல் எது

புதுப்பித்தலில் இருவேறு நோக்கங்கள் உண்டு. ஒன்று, வண்டியை ஆலையிலிருந்து வந்த நாளில் இருந்ததுபோல் ஆக்குவது. மற்றொன்று, அது வாழ்ந்த காலத்தின் தழும்புகளோடு ஓடவைப்பது. புல்லட்டில் இந்தத் தேர்வு கூடுதல் சிக்கலானது. 1960-களின் வண்டிக்கு 1990-களின் கார்புரேட்டரும் மட்கார்டும் இருக்கையும் எளிதில் பொருந்தும். கடையில் கிடைப்பவையும் அவையே. பொருந்துவதையெல்லாம் பூட்டினால் பளபளப்பான புல்லட் ஒன்று கிடைக்கும். ஆனால் அது எந்த ஆண்டுக்கும் உரியதாக இராது.

ஆகவே அனுபவமுள்ளவர்கள் கழற்றிய மூலப் பாகத்தை எடைக்குப் போடுவதில்லை. நெளிந்த மட்கார்டைத் தட்டி நிமிர்த்துகிறார்கள். பழைய விளக்குக்கூட்டைத் துரு நீக்கி மீண்டும் பொருத்துகிறார்கள். பெயிண்டைச் சுரண்டும்போது அடியில் தெரியும் முதல் நிறத்தைக் குறித்துக்கொள்கிறார்கள். மேல்பூச்சுக்கு அடியில் ராணுவப் பச்சை தென்பட்டால், அந்த வண்டியின் முன்கதை அங்கிருந்து தொடங்கலாம்.

சட்டமும் பதிவும்

2021 ஜூலையில் இந்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கான தனிப் பதிவு விதிகளை வெளியிட்டது. முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த இருசக்கர, நான்கு சக்கர வாகனங்கள் இதற்குத் தகுதி பெறும். வாகனம் மூல வடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும். சட்டகம், உடற்பகுதி, எஞ்சின் ஆகியவற்றில் பெரும் மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதிய பதிவுக்கு 20,000 ரூபாயும் மறுபதிவுக்கு 5,000 ரூபாயும் கட்டணம். புதிய பதிவு 10 ஆண்டுகள் செல்லும். பதிவெண்ணில் மாநிலக் குறியை அடுத்து 'வி.ஏ.' என்ற எழுத்துகள் இடம்பெறும். ஏற்கெனவே பதிவான வண்டிகள் தம் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம், எம்.எஸ். எனத் தொடங்கும் மதராஸ் மாநிலக் காலத்து எண்களும் இதனால் நிலைக்கும். இப்படிப் பதிவான வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கோ வணிகத்துக்கோ ஓட்ட முடியாது. கண்காட்சி, அணிவகுப்பு, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கு மட்டும் சாலைக்குக் கொண்டுவரலாம்.

புதுப்பிப்பவர் நல்லெண்ணத்தோடு செய்யும் மாற்றமே இங்குத் தடையாகலாம். வெடித்த எஞ்சின் கூட்டை எறிந்துவிட்டு வேறொன்றைப் பொருத்தினால், அதில் பொறித்த எண் பதிவுப் புத்தகத்தில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகாது. எனவே வண்டி வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது பெயிண்டையோ சத்தத்தையோ அன்று. எஞ்சின் எண், சேசிஸ் எண், பதிவுப் புத்தகம் மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பதையே. பெயிண்டையும் குரோமையும் பிறகு மீட்டுவிடலாம். அழிந்த எண்ணை எந்தப் பட்டறையாலும் மீட்டுத்தர இயலாது.