விளக்கை முழுக்க அணைக்க வேண்டாம்

போன தடவை நாம் எல்லோரும் ஒன்றுகூடியபோது, மாலை கலை நிகழ்ச்சிக்கு ஒலிபெருக்கி ஏற்பாடு என் பொறுப்பில் இருந்தது. பெரிய ஸ்பீக்கர் நாலு. மேடைக்கு இரண்டு பக்கமும் வைத்து, கடைசி வரிசை வரைக்கும் அதிரவேண்டும் என்று நானே நின்று டெஸ்ட் பண்ணினேன். எல்லோரும் சபாஷ் போட்டார்கள். இரண்டாவது பாட்டின்போது போன் பேச வெளியே வந்தேன். சைக்கிள் ஸ்டாண்டு ஓரமாக என் வகுப்புத் தோழன் ஒருவன், மனைவியோடும் எட்டு வயசுப் பையனோடும் நின்றுகொண்டிருந்தான். பையன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தான். ஆட்டிசம் உள்ள பிள்ளை.

“என்னடா, உள்ளே வரலையா?”

“நீ போய்ப் பாருடா. இங்கேருந்தே நல்லா கேக்குது.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அந்தப் பையனுக்குப் பாட்டு என்றால் உயிர் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆக, அந்தக் குடும்பத்தை வெளியே நிறுத்தியது பாட்டு அல்ல, நான் வைத்த ஸ்பீக்கர். மனசு உறுத்த, இது பற்றிக் கொஞ்சம் படிக்க ஆரம்பித்தேன். உடல், மனக் குறைபாடுள்ள குழந்தைகளுக்குக் கலைகள் எட்டிய கதை, பார்க்கப்போனால் பாதிக்கு மேல் நம்மைப் போன்ற இன்ஜினீயர்கள் படிக்கவேண்டிய கதை. அதில் சில பக்கங்களை மட்டும் இங்கே சொல்கிறேன்.

1771-ல் பாரிஸ் நகரத்துச் சந்தை ஒன்றில், பார்வையற்ற சிலருக்குக் கோமாளித் தொப்பியும் பெரிய மூக்குக்கண்ணாடியும் மாட்டி, கையில் வாத்தியங்களைக் கொடுத்து வாசிக்க விட்டிருந்தார்கள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அதைப் பார்த்து நொந்துபோன வாலண்டைன் ஹாவி என்பவர், 1785-ல் அதே பாரிஸில் பார்வையற்ற சிறுவர்களுக்கு ஒரு பள்ளி ஆரம்பித்தார். சாதாரண எழுத்துகளையே காகிதத்தில் புடைப்பாக அச்சடித்து, விரலால் தடவிப் படிக்க வைத்தார். நல்ல மனசுதான். ஆனால் எழுத்தின் வடிவம் கண்ணுக்காக ஏற்பட்டது. விரலுக்கு அது லாயக்கில்லை. படிக்க நேரமாகும். திரும்ப எழுதவோ வழியே இல்லை.

அந்தப் பள்ளிக்கு 1819-ல், பத்து வயசில் வந்து சேர்ந்தவர் லூயி பிரெய்ல். தோல் வேலை செய்யும் தகப்பனாரின் பட்டறையில் மூன்று வயசில் ஊசிக் கருவி கண்ணில் குத்தி, பிறகு இரண்டு கண்ணும் போனது. ராணுவத்தில் இருந்த சார்ல்ஸ் பார்பியே 12 புள்ளிகளால் ஒரு குறியீட்டு முறை வைத்திருந்தார். 12 புள்ளி ஒரு விரல்நுனிக்குள் அடங்காது. பிரெய்ல் அதை 6 ஆகக் குறைத்தார். 6 புள்ளிகளில் 63 குறிகள் கிடைக்கும் (2-ன் 6-ஆம் அடுக்கு, வெற்றிடம் போக, நம்ம முதல் வருஷக் கணக்குதான்). 1824 வாக்கில் முறை தயாராகிவிட்டது. அப்போது அவருக்கு வயசு 15.

நான் கவனித்த விஷயம் வேறு. 1829-ல் அவர் வெளியிட்ட புத்தகத்தின் தலைப்பிலேயே சொற்களோடு சங்கீதமும் சேர்ந்து வருகிறது. முதலில் படிப்பு, பாட்டெல்லாம் அப்புறம் என்று அவர் ஒத்திப்போடவில்லை. அதே 6 புள்ளிகளில் ஸ்வரங்களையும் எழுதலாம். அவரே சர்ச்சில் ஆர்கன் வாசித்தவர். சந்தையில் கேலிப்பொருளாக இருந்த அதே சங்கீதம், இரண்டு தலைமுறைக்குள் அந்தப் பள்ளி மாணவர்களுக்குச் சோறு போட்டது.

வீட்டாரையும் அவர் மறக்கவில்லை. பிள்ளை புள்ளியில் கடிதம் எழுதினால் ஊரில் இருக்கும் அம்மா எப்படிப் படிப்பாள்? அதற்காக 1839-ல் இன்னொரு முறை செய்தார். சாதாரண எழுத்துகளையே புள்ளிகளால் வரைவது. அதற்கு ஒரு இயந்திரம் வேண்டியிருந்தது. அதைச் செய்துகொடுத்த பியர் ஃபூக்கோவும் பார்வையற்றவர். இத்தனைக்குப் பிறகும், பாரிஸ் பள்ளி பிரெய்ல் முறையை அதிகாரபூர்வமாக ஏற்றது 1854-ல். பிரெய்ல் காலமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நம் நாட்டில் மொழிக்கொரு முறையாக இருந்ததை ஒழுங்குபடுத்தி, எல்லா இந்திய மொழிகளுக்கும் பொதுவான பாரதி பிரெய்ல் உருவானது 1951-ல்.

அடுத்து மியூசியம். “தொடாதே” என்ற பலகை இல்லாத மியூசியத்தை நாம் பார்த்திருக்க மாட்டோம். இங்கிலாந்தில் சண்டர்லேண்ட் ஊர் மியூசியத்தில் 1913-ல் சார்ல்டன் டீஸ் என்பவர், அந்த ஊர்ப் பார்வையற்றோர் பள்ளிக் குழந்தைகளை வரவழைத்து, பாடம் செய்த மிருகங்களையும் பறவைகளையும் தொட்டுப் பார்க்க விட்டார். பிறகு பெரியவர்களுக்கும் அந்த வாய்ப்பு கிடைத்தது. புதுக் கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஒரு விதியைத் தளர்த்தினார், அவ்வளவுதான். நம் டெல்லி தேசிய மியூசியத்தில் சிற்பங்களின் நகல்களைத் தொட்டுப் பார்க்கும் ‘அனுபவ்’ கூடம் வந்தது 2015-ல். நடுவில் 102 வருஷம்.

காது கேளாதவர் விஷயத்துக்கு வருவோம். எலெக்ட்ரானிக்ஸ் நண்பர்களுக்கு இது பிடிக்கும். அந்தக் கால அமெரிக்க டி.வி. படத்தில் 525 கோடுகள் இருந்தன. மேலே இருந்த சில கோடுகள் திரையில் தெரியவில்லை. அதில் 21-வது கோட்டில் வசன எழுத்துகளை ஒளித்து அனுப்பினார்கள். ஒரு பிரேமுக்கு 2 எழுத்து, செகண்டுக்குச் சுமார் 60. 1980-ல் ஒளிபரப்பு ஆரம்பமானது. ஆனால் எழுத்தைப் பார்க்கத் தனியாக ஒரு டீகோடர் பெட்டி வாங்கவேண்டும். வாங்க முடிந்த வீட்டில் பிள்ளை சிரித்தது. மற்ற வீட்டில், கூட உட்கார்ந்திருப்பவர்கள் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தது. 1990-ல் சட்டம் போட்டார்கள். 1993 ஜூலை முதல் 13 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள டி.வி. எல்லாவற்றிலும் டீகோடர் உள்ளேயே இருக்கவேண்டும் என்று ஆயிற்று. இன்றைக்கு சத்தமில்லாமல் படம் பார்க்கிற நாம் எல்லோரும் அந்த எழுத்தைப் படிக்கிறோம்.

நாடகத்திலும் இப்படித்தான். 1981-ல் வாஷிங்டன் அரீனா ஸ்டேஜ் அரங்கில், மேடையில் நடப்பதை வசனங்களுக்கு இடையே ஒருவர் மெல்ல விவரிக்க, பார்வையற்ற ரசிகர்கள் காதில் கருவி வைத்துக் கேட்டார்கள். அதற்கு வழி செய்த மார்கரெட் ஃபான்ஸ்டீலும் பார்வை இழந்தவர்தான்.

இனி என் நண்பன் மகன் விஷயம். 2011 அக்டோபரில் நியூயார்க்கில் ‘லயன் கிங்’ நாடகத்தை ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் என்றே ஒரு காட்சி நடத்தினார்கள். கதையை மாற்றவில்லை. திடுக்கிட வைக்கும் சத்தத்தைக் குறைத்தார்கள். சபையின் பக்கம் பளிச் பளிச்சென்று வெட்டும் விளக்கை எடுத்தார்கள். அரங்கத்து விளக்கை முழுக்க அணைக்கவில்லை. அமைதியாக இருக்கத் தனி இடம் வைத்தார்கள். அரங்கத்துக்குள் என்னென்ன நடக்கும் என்று படங்களோடு முன்கூட்டியே அனுப்பினார்கள். பிள்ளை எழுந்து நடந்தாலும், குரல் கொடுத்தாலும் திரும்பிப் பார்த்து முறைக்க ஆள் இல்லை. இதில் எதுவும் நம்மால் முடியாத காரியமா, சொல்லுங்கள்?

சட்டமும் இல்லாமல் இல்லை. ஐ.நா. உடன்படிக்கையின் 30-வது ஷரத்து கலாச்சார வாழ்வில் பங்குபெறுவதை மாற்றுத்திறனாளிகளின் உரிமை என்கிறது. 2007-ல் இந்தியா அதை ஏற்றது. நம் 2016-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 29-வது பிரிவும் கலை, பொழுதுபோக்கு பற்றிப் பேசுகிறது. ஆனால் சட்டம் நம் கல்லூரி ஆடிட்டோரியத்து வால்யூமைக் குறைக்காது. அதற்கு ஒரு கை வேண்டும்.

இந்தச் சரித்திரத்தில் எனக்குப் பட்டவை இரண்டு. ஒன்று, உருப்படியான வழிகளில் பலவற்றை யாருக்குத் தேவையோ அவர்களே கண்டுபிடித்திருக்கிறார்கள், அல்லது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு, தனிப் பெட்டியாக விற்றவரைக்கும் சில வீடுகளோடு நின்றது, டி.வி.க்கு உள்ளேயே வைத்தபிறகுதான் எல்லா வீட்டுக்கும் போனது. ‘ஸ்பெஷல் ஏற்பாடு’ என்று ஒரு மூலையில் வைக்காமல், ஏற்பாட்டிலேயே சேர்த்துவிட வேண்டும்.

அதனால் சங்கத்துக்கு என் விண்ணப்பம். அடுத்த சந்திப்பின் அழைப்பிதழில் ஒரு வரி சேருங்கள்: “உங்கள் குடும்பத்தில் யாருக்காவது ஏதாவது ஏற்பாடு தேவையா?” முதல் ஒரு மணி நேர நிகழ்ச்சியைக் குறைந்த சத்தத்தில், விளக்கை முழுக்க அணைக்காமல் நடத்துவோம். பக்கத்து வகுப்பறை ஒன்றைத் திறந்து வைப்போம். நிகழ்ச்சி நிரலைப் படங்களோடு ஒரு வாரம் முன்பே அனுப்புவோம். சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவர் மேடை ஓரத்தில் நிற்கட்டும். சாய்தளம் ஹாலுக்கு மட்டும் போதாது, மேடைக்கும் வேண்டும். பரிசு வாங்கவும் பாடவும் அந்தக் குழந்தைகளும் மேடை ஏறலாம் அல்லவா? இப்போது படிக்கும் தம்பி தங்கைகளே, பைனல் இயர் பிராஜெக்டுக்கு டாபிக் தேடுகிறீர்களா? அந்த ஹாலுக்குள் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், நாலு டாபிக் கிடைக்கும். ஆனால் கையில் பேப்பர் எடுக்குமுன் ஒரு குடும்பத்தையாவது கேளுங்கள்.

ஒலிபெருக்கிப் பொறுப்பை இந்தத் தடவையும் எனக்கே கொடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். நண்பனுக்குப் போன் செய்து, பையனுக்கு எந்தப் பாட்டு பிடிக்கும், எவ்வளவு சத்தம் தாங்கும் என்று விசாரித்தேன்.

“வந்து பாக்கறோம்டா. முடியலேன்னா வெளியே போயிடுவோம்” என்றான்.

வெளியே போகலாம். திரும்ப உள்ளே வருவதற்குக் கதவை மட்டும் நான் திறந்தே வைத்திருப்பேன்.