நாலு பாஷை ஊரில் நடந்த ஞாபக ஆராய்ச்சி

2013ஆம் வருஷம் நவம்பர் மாதம் அமெரிக்காவிலிருந்து வரும் 'நியூராலஜி' என்ற மருத்துவ இதழில் ஹைதராபாத் நோயாளிகளைப் பற்றிய ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியாயிற்று. பஞ்சகுட்டாவில் உள்ள நிம்ஸ் மருத்துவமனையின் நரம்பியல் டாக்டர் சுவர்ணா அல்லாடியும் அவருடைய குழுவினரும் எழுதியது. பத்திரிகைகள் அதை ஒரே வரியில் சுருக்கிவிட்டன: இரண்டு மொழி பேசுகிறவர்களுக்கு மறதி நோய் நாலரை வருஷம் தாமதமாக வரும். அந்த வரியைப் பிறகு பல கூட்டங்களில், சதாபிஷேகப் பந்திகளில்கூடக் கேட்டாயிற்று. "நமக்கென்ன சார் கவலை, நமக்குத்தான் நாலு பாஷை தெரியுமே" என்று சொல்லிச் சிரிப்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அந்த ஆராய்ச்சி எப்படி நடந்தது, என்ன சொன்னது, எதைச் சொல்லவில்லை என்பதை நம் அங்கத்தினர்கள் கொஞ்சம் விவரமாகத் தெரிந்துகொள்வது நல்லது. பிள்ளைகள் வெளிநாட்டிலும் பெற்றோர் இங்கே தனியாகவும் இருக்கும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம் என்பதால் இது நம் வீட்டு விஷயம்.

இந்த நோயின் மருத்துவ சரித்திரம் அவ்வளவு பழையதல்ல. 1901ல் ஜெர்மனியில் ஃபிராங்ஃபர்ட் நகர மனநோய் விடுதிக்கு அழைத்துவரப்பட்ட 51 வயது அம்மாள் ஒருவரை அலோய்ஸ் அல்சைமர் என்ற டாக்டர் பரிசோதித்தார். தன் பெயரைக்கூடச் சரியாக எழுத அந்த அம்மாளால் முடியவில்லை. 1906ல் அவர் இறந்ததும் மூளையை வாங்கி நுண்ணோக்கியில் பார்த்து, அதே ஆண்டு நவம்பரில் டியூபிங்கன் நகரில் கூடிய டாக்டர்கள் முன் அல்சைமர் தன் கண்டுபிடிப்பைச் சொன்னார். கேட்டவர்கள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1910ல் கிரேப்பலின் தன் பாடநூலில் அல்சைமரின் பெயரை நோய்க்குச் சூட்டியபிறகுதான் அது நிலைத்தது. அல்சைமர் தவிர, மூளையின் ரத்தக்குழாய் அடைப்பால் வருவது, முன்மூளை சுருங்குவதால் வருவது என்று வேறு வகைகளும் உண்டு. எல்லாவற்றுக்கும் பொதுப் பெயர் டிமென்ஷியா.

நம் தேசத்தில் அதற்கும் எத்தனையோ காலம் பிறகுதான் எண்ணிப் பார்க்கவே ஆரம்பித்தார்கள். மதுரை மருத்துவக் கல்லூரியின் மனநலப் பேராசிரியர் டாக்டர் வேங்கோபராவ், மதுரைக்குப் பக்கத்துச் சிற்றூர்ப் பகுதி ஒன்றில் முதியோர்களை வீடு வீடாக ஆராய்ந்து 1982ல் வெளியிட்ட முடிவு இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒன்று. ஆயிரத்துக்கு 89 பேருக்கு ஏதோ ஒரு மனநோய் இருந்தது. அதில் பெரும்பங்கு மனச்சோர்வு. கிராமத்துக் கூட்டுக் குடும்பத்தில் கிழவர்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று மேடைகளில் பேசிக்கொண்டிருந்த காலம் அது.

வேலூர் அருகே கணியம்பாடி வட்டாரத்தில் நடந்த ஆராய்ச்சி இதைவிடச் சுவாரசியமானது. வேலூர் சி.எம்.சி.யைச் சேர்ந்த டாக்டர் கே.எஸ். ஜேக்கப் குழுவினர் 65 வயதைத் தாண்டிய ஆயிரம் பேரைச் சோதித்து 2007ல் முடிவை வெளியிட்டார்கள். அமெரிக்க மனநல வரையறையை வைத்துப் பார்த்தால் டிமென்ஷியா உள்ளவர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. படிப்பறிவு இல்லாதவர்களையும் கணக்கில் கொண்டு வகுத்த வேறொரு முறையில் பார்த்தால் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல்! அதே கிழவர்கள், அதே ஊர். ஏன் இந்த வித்தியாசம்? மறதியால் அன்றாடக் காரியம் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்பது அமெரிக்க வரையறையின் நிபந்தனை. நம் வீடுகளிலோ பாட்டியிடம் யாரும் ஒரு காரியமும் எதிர்பார்ப்பதில்லை. சாப்பாடு தட்டில் வந்துவிடுகிறது. பணம் பிள்ளையின் கையில் இருக்கிறது. "வயசாச்சு, கொஞ்சம் மறதி" என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது. கேரளத்தில் திருச்சூர்ப் பக்கம் இதற்கு 'சின்னன்' என்றே ஒரு சொல் வைத்திருப்பதை டாக்டர் ஷாஜி எழுதியிருக்கிறார். மறுபடி சின்னக் குழந்தை ஆகிவிட்டார் என்று அர்த்தம். கனிவான சொல்தான். ஆனால் குழந்தை என்று சொல்லிவிட்டபின் டாக்டரிடம் அழைத்துப் போகவேண்டும் என்று தோன்றுமா?

ஹைதராபாத்துக்கு வருவோம். நிஜாம் காலத்தில் இந்த ராஜ்யத்தின் மனநோய் மருத்துவமனை ஜால்னாவில் (இப்போது மகாராஷ்டிரம்) இருந்தது. 1953ல் அதை நகரத்துக்கு மேற்கே எர்ரகட்டாவுக்குக் கொண்டுவந்தார்கள். சென்னைக்காரர்களுக்குக் கீழ்ப்பாக்கம் என்றால் என்ன அர்த்தமோ அதுதான் ஹைதராபாத்காரர்களுக்கு எர்ரகட்டா. சண்டையில் வசவாகவும் நண்பர்களுக்குள் கேலியாகவும் அந்தப் பெயர் அடிபடும். நினைவு தடுமாறும் தாத்தாவை எந்த மகன் அங்கே அழைத்துப் போவான்? நிம்ஸில் பொது மருத்துவமனையின் ஒரு பகுதியாக நரம்பியல் துறையின் ஞாபக கிளினிக் நடந்தது இதனால்தான் முக்கியம் என்று நினைக்கிறேன். நிஜாம் எலும்பு ஆஸ்பத்திரி என்று தொடங்கி வளர்ந்த இடம் அது. முழங்கால் வலிக்குப் போகிற இடத்துக்கே ஞாபகத்துக்கும் போகலாம். பக்கத்து வீட்டில் பதில் சொல்லவேண்டியதில்லை.

இன்னொரு அனுகூலம் இந்த ஊரின் பாஷைகள். நிஜாம் ராஜ்யத்தில் ஆட்சி மொழி உருது. ஜனங்களில் பெரும்பாலோர் பேசியது தெலுங்கு. மராட்டியும் கன்னடமும் வேறு. பிரிட்டிஷ் தண்டு இறங்கிய செகந்தராபாத்துக்கு மதராஸ் பட்டாளத்தோடு தமிழர்கள் வந்தார்கள். 1966ல் தென்மத்திய ரயில்வே செகந்தராபாத்தைத் தலைமையகமாகக் கொண்டு அமைந்தபோதும், பிறகு மத்திய அரசின் தொழிற்சாலைகளும் ஆராய்ச்சிக் கூடங்களும் வந்தபோதும் மேலும் பலர் வந்தனர். மேற்கு மாரேட்பள்ளி, பத்மராவ் நகர், மல்காஜ்கிரி என்று நம்மவர்கள் குடியேறிய பேட்டைகள் எல்லாருக்கும் தெரிந்தவை. அங்கே வளர்ந்த மாமி பால்காரரிடம் தெலுங்கு பேசுவார், ஆட்டோக்காரரிடம் தக்கனி உருதுவில் 'நக்கோ' என்று பேரம் பேசுவார், பேத்தியிடம் ஆங்கிலம், ஸ்கந்தகிரி கோவில் பிராகாரத்தில் தமிழ். யாரும் இதை ஒரு சாமர்த்தியமாக நினைத்ததில்லை.

டாக்டர் அல்லாடி குழுவினர் இதையே ஆராய்ச்சிக்கு மூலப்பொருளாக எடுத்துக்கொண்டார்கள். எடின்பரோவைச் சேர்ந்த டாக்டர் தாமஸ் பாக், உஸ்மானியா, ஹைதராபாத் பல்கலைக்கழகங்களின் அறிஞர்கள் ஆகியோர் அவருக்குத் துணை. 2006 முதல் 2012 வரை கிளினிக்குக்கு வந்து டிமென்ஷியா என்று உறுதியான 648 பேரின் பதிவேடுகளைப் பார்த்தார்கள். அவர்களில் 391 பேர் இரண்டோ அதற்கு மேலோ மொழி பேசுகிறவர்கள். மொழியறிவுக்குப் பரீட்சை ஒன்றும் வைக்கவில்லை. அந்த மொழிக்காரர்களோடு அந்த மொழியில் பழகத் தெரிந்தால் போதும். மேற்படி மாமியின் 'நக்கோ'வும் கணக்கில் சேரும். ஒரு மொழிக்காரர்களுக்கு நோயின் முதல் அறிகுறி சராசரி 61.1 வயதில் தோன்றியிருந்தது. மற்றவர்களுக்கு 65.6 வயதில். அல்சைமர், ரத்தக்குழாய் வகை, முன்மூளை வகை மூன்றிலும் இந்த இடைவெளி இருந்தது. படிப்பு, உத்தியோகம், நகரமா கிராமமா என்பவற்றையெல்லாம் கழித்துப் பார்த்தும் அது போகவில்லை.

இதில் இரண்டு விவரங்கள் பத்திரிகைகளில் அதிகம் அடிபடவில்லை. ஒன்று, மூன்று நான்கு மொழி பேசுகிறவர்களுக்கு இரண்டு மொழிக்காரர்களைவிடக் கூடுதல் லாபம் எதுவும் இல்லை. (நாலு பாஷை தெரியும் என்ற நம் பெருமையில் பாதி இங்கேயே போயிற்று.) மற்றது, பள்ளிக்கூடமே போகாதவர்களிடமும் இந்த இடைவெளி இருந்தது, சுமார் ஆறு வருஷம்! வெளிநாட்டார் அதிகம் கவனித்தது இதைத்தான். இதற்கு முன் 2007ல் கனடாவில் டொராண்டோ நகரில் எலன் பியலிஸ்டாக் இதே மாதிரி நாலு வருஷத் தாமதத்தைக் காட்டியிருந்தார். ஆனால் அங்கே இரண்டு மொழி பேசுகிறவர்களில் பலர் குடியேறி வந்தவர்கள். கடல் கடந்து போகிறவன் முதலிலேயே திடமானவனாக இருப்பான், அதனால்தான் இந்தத் தாமதம் என்று ஆட்சேபணை எழுந்தது. ஹைதராபாத்தில் இந்த ஆட்சேபணை நிற்காது. இங்கே இரண்டு பாஷை என்பது மண்ணோடு வந்தது. படித்தவர்களின் சொத்தும் அல்ல.

2016 ஜனவரியில் அதே குழு இன்னொரு கட்டுரை வெளியிட்டது. பக்கவாதம் வந்த 608 பேரில், அறிவுத்திறன் கெடாமல் தேறியவர்கள் இரண்டு மொழிக்காரரில் 40.5 சதவீதம், ஒரு மொழிக்காரரில் 19.6 சதவீதம்.

சயன்ஸ் படித்தவன் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கவேண்டும். இவை எல்லாம் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களின் கணக்கு. வராதவர்கள் யார் என்பது பதிவேட்டில் இல்லை. நோய் எப்போது ஆரம்பித்தது என்பதும் வீட்டார் யோசித்துச் சொன்ன தேதிதான். ஆரோக்கியமாக இருப்பவர்களைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்து வந்த ஆராய்ச்சிகள் வேறு மாதிரி சொல்கின்றன. நியூயார்க்கில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஸ்பானிய மொழி முதியோர்களைத் தொடர்ந்து கவனித்து 2014ல் வந்த முடிவு, இரு மொழியால் டிமென்ஷியா குறையவில்லை என்பது. லண்டன் குழு ஒன்று 2017ல் அதுவரை வந்த ஆராய்ச்சிகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தும் அதே முடிவுக்கு வந்தது. அப்படியானால் ஹைதராபாத் முடிவு தவறா? நான் அப்படி நினைக்கவில்லை. நாளெல்லாம் மொழிவிட்டு மொழி தாவும் இந்த ஊர் வாழ்க்கை நியூயார்க்கில் கிடையாது. ஆனால் நிரூபணமான உண்மை என்று மேடையில் முழங்கும் அளவுக்கு விஷயம் இன்னும் தீரவில்லை. தாமதமாக வரும் என்பதை வராது என்று எடுத்துக்கொள்வதும், எழுபது வயதில் ஹிந்தி வகுப்பில் சேர்ந்தால் தப்பிக்கலாம் என்பதும் அந்தக் கட்டுரையில் இல்லாத சங்கதிகள்.

என் பார்வையில் நிம்ஸ் குழுவின் பெரிய காரியம் வேறு. ஞாபகத்தைச் சோதிக்கும் கேள்வித்தாள்கள் இங்கிலாந்தில் ஆங்கிலத்தில் பிறந்தவை. அவற்றைத் தெலுங்கு, உருது, ஹிந்தி பேசுகிறவர்களுக்கு ஏற்ப மாற்றி அமைத்த பிறகே இந்த 648 பேரையும் சோதித்தார்கள். பிற்பாடு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் இதே நோக்கத்தோடு ஒரு சோதனைத் தொகுப்பு தயாரித்தது. முதலில் எடுத்துக்கொண்ட ஐந்து மொழிகள் ஹிந்தி, வங்காளி, தெலுங்கு, கன்னடம், மலையாளம். தமிழ் அந்த ஐந்தில் இல்லை. சென்னையிலும் வேலூரிலும் தமிழில் சோதனைகள் நடந்திருக்கின்றன என்பது வாஸ்தவம். ஆனால் கும்பகோணத்திலிருந்து எழுபத்தைந்து வயதில் மகனோடு ஹைதராபாத்துக்கு வந்து சேர்ந்த தாயாரை இங்கே எந்த மொழியில் கேள்வி கேட்பார்கள்? பதில் தெரியாததற்கும் கேள்வி புரியாததற்கும் மார்க் ஒன்றுதான். நோய் முற்றும்போது பலருக்குப் பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் நழுவி, தாய்மொழி கடைசிவரை தங்குகிறது. நாற்பது வருஷம் தெலுங்கு பேசியவர் ஒருநாள் தமிழுக்கே திரும்பிவிடுவார். பக்கத்தில் இருக்கும் ஆயாவுக்குத் தமிழ் தெரியாது. தண்ணீர் கேட்பது ஆயாவுக்குக் கூச்சலாகத் தோன்றும்.

மருத்துவர்களின் கணக்குப்படி (2023) இந்தியாவில் அறுபது வயது தாண்டியவர்களில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேர், டிமென்ஷியா உள்ளவர்கள். இத்தனை பேருக்கு ஆஸ்பத்திரிப் படுக்கை எங்கே? பராமரிப்பு வீட்டில்தான் நடந்தாக வேண்டும். இந்த யோசனைக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1992ல் கேரளத்தில் டாக்டர் ஜேக்கப் ராய் தொடங்கிய ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. சங்கம் பல நகரங்களில் கிளை விட்டது; ஹைதராபாத்திலும் ஒரு கிளை ஏற்பட்டது. 1998ல் கொச்சியில் கூடிய உலக மகாநாட்டில் '10/66' என்ற ஆராய்ச்சிக் குழு பிறந்தது. டிமென்ஷியா நோயாளிகளில் 66 சதவீதம் ஏழை நாடுகளில். ஆராய்ச்சியில் 10 சதவீதம்கூட அவர்களைப் பற்றி இல்லை. இதுதான் பெயருக்குக் காரணம். கணியம்பாடிக் கணக்கும் இந்தக் குழுவின் முறைப்படி எடுத்ததுதான்.

கோவாவில் 2008ல் டாக்டர் அமித் டயஸ் வெளியிட்ட சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. 81 குடும்பங்கள். பன்னிரண்டாவது படித்த உள்ளூர்க்காரர்களுக்குக் குறுகிய பயிற்சி கொடுத்து வீடுகளுக்கு அனுப்பினார்கள். இது நோய், வேண்டுமென்று செய்யும் பிடிவாதம் அல்ல என்று எடுத்துச் சொல்வது, குளிப்பாட்டுவது உடுத்துவது பற்றிய யோசனைகள், அரசு உதவிக்கு வழி, தேவையானால் மனநல டாக்டர். ஆறு மாதத்தில் நோயாளியின் மூளை ஒன்றும் சரியாகிவிடவில்லை. ஆனால் பார்த்துக்கொள்கிறவர்களின் மனவேதனை நன்றாகக் குறைந்தது. பெரும்பாலான வீடுகளில் அந்த வேலை மனைவியுடையது, அல்லது மருமகளுடையது. அவர்கள் எப்போதாவது தூங்கினார்களா என்று நம்மில் யார் கேட்கிறோம்?

நம் கிளைகளில் வேதபாடம், கல்வி உதவித்தொகை, வரன் பதிவு எல்லாம் நன்றாக நடக்கின்றன. தனியாக இருக்கும் முதிய தம்பதிகளின் பட்டியல் ஒன்றும், அவர்கள் வீட்டுக்கு வாரம் ஒருமுறை போய்த் தமிழில் ஒரு மணி நேரம் பேசிவர ஒப்புக்கொள்ளும் அங்கத்தினர்களின் பட்டியல் ஒன்றும் சேர்ந்தால் கோவா முறையில் பாதி வந்துவிடும். பணம் அதிகம் தேவையில்லை. ஓய்வு பெற்றவர்கள் நம்மிடம் தாராளமாக இருக்கிறார்கள்.

டாடா அறக்கட்டளையும் விஜயவாஹினி என்ற தொண்டு நிறுவனமும் சேர்ந்து 2017ல் முதியோருக்கான தொலைபேசி உதவியை முதலில் தொடங்கியது இந்த ஹைதராபாத்தில்தான். 2021ல் மத்திய அரசு அதை 'எல்டர் லைன்' என்று நாடெங்கும் விரித்தது. எண் 14567, கட்டணம் இல்லை, காலை 8 முதல் இரவு 8 வரை. தொலைபேசிக்குப் பக்கத்துச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவைக்கலாம்.