தமிழ்நாட்டு அரசுக் கணினிகளில் கட்டற்ற இயங்குதளம்: கொள்முதலும் குறியாக்கமும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்நாட்டு அரசு அமைப்புகள் விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாற மேற்கொண்ட முயற்சிகளை இக்கட்டுரை தாமிரபரணிப் பகுதியைக் கருத்திற்கொண்டு ஆராய்கிறது. விலை, பயிற்சி ஆகியவற்றோடு தமிழ் எழுத்துருக் குறியாக்கமும் இம்மாற்றத்தின் போக்கை வரையறுத்தது என்பது இதன் கருதுகோள்.

முன்னுரை

ரிச்சர்டு ஸ்டால்மன் 1983இல் அறிவித்த குனு திட்டமும் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட லினக்ஸ் கருநிரலும் இணைந்து கட்டற்ற இயங்குதளத்திற்கு வழிவகுத்தன. அதன் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். தனியுரிமை இயங்குதளத்தில் இவ்வுரிமைகள் பயனருக்கு இல்லை.

கொள்முதல் வழி மாற்றம்

தமிழ்நாட்டில் இம்மாற்றம் கொள்முதல் வழியாகவே வேகம் பெற்றது. அரசுத் துறைகளுக்குக் கணினி வாங்கித் தரும் எல்காட் நிறுவனம், சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்தில் சூசே லினக்ஸைத் தன் அலுவலகத்தில் நடைமுறைப்படுத்தியது. பின்னர் அரசுப் பள்ளிகளுக்கென ஏறத்தாழ 30,000 மேசைக்கணினிகளிலும் 1,880 வழங்கிகளிலும் அதனை நிறுவும் திட்டம் 2007இல் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் வெளிவந்தது. விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8இல் முடிவுற்ற சூழலில், அரசுத் துறைகளுக்கு மாற்றாகப் பாஸ் பரிந்துரைக்கப்பட்டது.

பாடநூல்

மேல்நிலை வகுப்பின் கணினி அறிவியல் பாடநூலில் ஸ்டார் ஆபிஸ் இடம்பெற்றிருந்தது. 2018இல் வந்த பதினொன்றாம் வகுப்புப் புதிய பாடநூல் விண்டோஸையும் உபுண்டுவையும் அருகருகே வைத்து, ஓப்பன் ஆபிஸையும் கற்பித்தது. பாடநூல் மாநிலம் முழுமைக்கும் பொதுவானது. ஆதலால் அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, பாளையங்கோட்டை ஆகிய ஊர்களின் அரசுப் பள்ளி மாணவர்க்கும் சென்னை மாணவர்க்கும் இவ்வறிமுகம் ஒன்றே.

குறியாக்கத் தடை

அலுவலகங்களின் நிலை வேறு. தமிழ் ஆவணங்கள் நெடுங்காலம் வானவில் போன்ற, விண்டோஸைச் சார்ந்த எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டன. அவற்றில் தமிழ் எழுத்துகள் உரோமன் எழுத்துகளுக்குரிய இடங்களில் அமர்த்தப்பட்டிருந்தன. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் கோப்பு பொருளற்ற உரோமன் எழுத்துகளாகவே தோன்றும். வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து கொக்கிரகுளத்திலுள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திற்கும், அங்கிருந்து தலைமைச் செயலகத்திற்கும் செல்லும் கோப்பு எங்கும் படிக்கப்பட வேண்டுமாயின், எல்லா இடங்களிலும் ஒரே எழுத்துரு தேவைப்பட்டது. ஓர் அலுவலகம் மட்டும் தனித்து மாறுதல் அரிது. 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டி, ஒருங்குறியும் டேஸ் 16 குறியாக்கமும் அரசின் தரங்களாக ஏற்கப்பட்டன. எந்த இயங்குதளத்திலும் படிக்கத்தக்க ஆவணத்திற்கு ஒருங்குறி இடமளித்தது. எனினும் முன்பே சேர்ந்திருந்த கோப்புகள் தாமாக மாறிவிடவில்லை; அவற்றைக் குறியாக்க மாற்றிகளின் துணையுடன் மாற்ற வேண்டியிருந்தது.

முடிவுரை

எல்காட்டின் முடிவு 2007இலும் குறியாக்கத் தர ஆணை 2010இலும் அமைந்தன. இயங்குதள மாற்றம் முந்தியும் ஆவணத்தின் விடுதலை பிந்தியும் வந்த இவ்வரிசையே அலுவலகங்களில் மாற்றம் தயங்கியதற்கு ஒரு முதன்மைக் காரணமாகக் கொள்ளத்தக்கது. பழைய ஆவணங்களின்றிப் புதிதாகத் தொடங்கிய பள்ளிக் கணினிக்கூடங்களுக்கு இச்சுமை இல்லை. எனவே, இயங்குதளத்தின் வரலாற்றை எழுதுவோர் எழுத்துருவின் வரலாற்றையும் உடன் ஆராய்தல் இன்றியமையாதது. பழைய எழுத்துருக்களில் முடங்கிய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றிப் பாதுகாப்பது, இருபதாம் நூற்றாண்டின் இறுதிக்கால ஆட்சி வரலாற்றுக்கான சான்றுகளைக் காப்பதும் ஆகும்.