லாரி ஓட்டும்போது ரேடியோ கேட்டால் தூக்கம் போயிடுமா? டிரைவர்கள் தெரிஞ்சுக்க வேண்டியவை

ராஜபாளையத்தில் நூல், பேண்டேஜ் துணி. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா. திருமங்கலம் - கொல்லம் நெடுஞ்சாலையில் இந்தச் சரக்குகளை ஏற்றிச் செல்லும் டிரைவர்கள் பலருக்கும் பேச்சுத்துணை ரேடியோதான்.

வண்டி ஓட்டும்போது கேட்கலாமா?

கேட்கலாம், தடை இல்லை. ஆனால், செல்போனைக் கையில் பிடிச்சு பாட்டு மாத்தினால் சிக்கல். மோட்டார் வாகனச் சட்டம் 184-வது பிரிவில் முதல் முறைக்கே ரூ.1,000 முதல் ரூ.5,000 வரை அபராதம் உண்டு. சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு.

கொடை எஃப்.எம். இவ்வளவு தூரம் கேட்பது எப்படி?

எஃப்.எம். அலை ஏறத்தாழ நேர்கோட்டில் போகும். மலை மறைத்தால் கரகரக்கும். கொடை எஃப்.எம். 100.5 ஒலிபரப்பாகும் கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கு. அதனால்தான் தென்மாவட்டங்களில் பரவலாகக் கேட்குது. அடிக்கடி ஸ்டேஷன் மாத்த வேண்டாம். கண் ரோட்டிலேயே இருக்கும்.

தூக்கத்தை விரட்டுமா?

கொஞ்ச நேரம் சுறுசுறுப்பு தரும், அவ்வளவுதான். தொடர்ந்து கொட்டாவி, கண் எரிச்சல், கடந்து வந்த ஊரே நினைவில் இல்லாதது... இவை ஆபத்தின் அறிகுறிகள். சவுண்டைக் கூட்டிப் பயனில்லை. பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்தி 15 - 20 நிமிஷம் தூங்கணும்.

முதலாளிகள் கவனிக்க வேண்டியது என்ன?

நாளுக்கு 8 மணி நேர வேலை, 5 மணி நேரத்துக்குள் அரை மணி நேர ஓய்வு என 1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வரையறுத்தது. அந்த அரை மணி நேரத்தை எந்தப் பாட்டாலும் ஈடுகட்ட முடியாது.