முதுகுத்தண்டு பக்கவளைவு: பிள்ளைகளுக்கான பயிற்சி மருத்துவம்

முதுகெலும்பு இடமோ வலமோ வளைந்து, அதோடு தன் அச்சில் திருகியும் கொள்ளும் நிலைக்கு ஸ்கோலியோசிஸ் என்று பெயர். எக்ஸ்ரேயில் வளைவு 10 பாகையை எட்டினால்தான் மருத்துவர்கள் இப்பெயரைச் சொல்வார்கள். பத்து வயதுக்கும் பதினாறுக்கும் இடையில் நூற்றுக்கு இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு இது வருகிறது. பெரும்பாலோருக்குக் காரணம் புலப்படுவதில்லை. சிறு வளைவு ஆண்பிள்ளைக்கும் பெண்பிள்ளைக்கும் ஏறக்குறைய ஒன்றுபோலவே வரும். வளைவு வளர்ந்து பெரிதாவது பெண்பிள்ளைகளிடம்தான் மிகுதி. புத்தகப்பையை ஒரே தோளில் மாட்டுவதால் வருகிறது என்ற நம்பிக்கை பெற்றோரிடம் வலுவாக உண்டு. அதற்குச் சான்று இல்லை.

பழங்காலம்

கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ் நோயாளியைப் பலகையில் கட்டி இருபுறமும் இழுத்து முதுகை நேராக்க முயன்றார். தமிழ் மரபில் சம்பந்தரால் நிமிர்ந்த கூன் பாண்டியன் கதை உண்டு. ஆனால் கூன் முன்பக்கம் சாய்வது என்பதால் அதை இங்கே சேர்ப்பது பொருந்துமா என்பது ஐயமே. 16ஆம் நூற்றாண்டில் பிரான்சின் ஆம்ப்ருவாஸ் பாரே இரும்புக் கவசம் செய்வித்தார். 19ஆம் நூற்றாண்டில் சுவீடனின் பேர் ஹென்ரிக் லிங் வகுத்த உடற்பயிற்சி முறை ஐரோப்பாவெங்கும் பரவியது. லண்டன் அறுவை மருத்துவர் வில்லியம் ஆடம்ஸ் 1865இல் விவரித்த சோதனை இன்றும் நடக்கிறது: பிள்ளை கால்களைச் சேர்த்து நின்று முன்னால் குனிய வேண்டும், விலாவின் ஒரு பக்கம் மேடாகத் தெரிந்தால் முதுகெலும்பு திருகியிருக்கிறது என்று பொருள். இதற்குக் கருவியும் வேண்டாம், காசும் வேண்டாம்.

காத்தரினா ஷ்ரோத்

பயிற்சி மருத்துவத்தின் வரலாற்றில் ஏடுகள் நிறைந்து கிடப்பது இந்த ஒரு பெண்ணைப் பற்றித்தான். 1894இல் ஜெர்மனியின் டிரெஸ்டனில் பிறந்த காத்தரினா ஷ்ரோத்துக்கே நடுத்தர அளவிலான பக்கவளைவு இருந்தது. பதினாறு வயதில் எஃகுக் கவசம் மாட்டினார்கள். அதில் நிறைவு காணாத அவர், காற்றூதும் பலூன் ஒன்றைப் பார்த்து வேறு வழியில் யோசித்தார். கண்ணாடிமுன் நின்று, தன் உடம்பில் எந்தப் பக்கம் உள்வாங்கிக் கிடக்கிறதோ அந்தப் பக்கத்துக்கு மட்டும் மூச்சைச் செலுத்திப் பழகினார். புடைத்த பக்கத்தை அடக்கி, குழிந்த பக்கத்தை உள்ளிருந்து காற்றால் நிரப்புவது அவர் முறையின் கரு.

1921இல் மைசென் நகரில் சிறிய நிலையம் தொடங்கினார். வந்தவர்கள் மூன்று மாதம் தங்கிப் பயின்றார்கள். உடம்பை மேல்நோக்கி நீட்டுவது, இடுப்பை நடுவுக்குக் கொண்டுவருவது, திருகலை எதிர்த்திசையில் திருப்புவது, அந்த நிலையிலேயே மூச்சை வளைவின் உட்பக்கம் இழுப்பது, கடைசியில் தசையை இறுக்கி அந்நிலையை நிறுத்திவைப்பது என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பயிற்சி போகும். பிள்ளையின் கண் எப்போதும் கண்ணாடிமேல் இருக்கும். கோணலாக நிற்பதையே நேர் என்று உடம்பு நம்பியிருப்பதால், நேராக நிற்கும்போது முதலில் சாய்வதுபோலத்தான் பிள்ளைக்குத் தோன்றும். கண் சொல்வதை உடம்பு ஏற்க நாளாகும். கருவிகள் எளியவை: சுவரில் பதித்த மரக்கம்பிகள், முக்காலி, குச்சி. படுத்துச் செய்யும் பயிற்சிகளில் இடுப்புக்கும் தோளுக்கும் அண்டக் கொடுக்கச் சிறு அரிசிப் பைகள். நெல் விளையாத நாட்டில் அரிசியைத் தேர்ந்தது ஏனோ, உடம்பின் வளைவுக்கேற்ப அமுங்கி அங்கேயே நிற்கும் பொருளாக அது அமைந்தது.

1930களின் இறுதியில் மகள் கிறிஸ்டா உடன் சேர்ந்தார். இரண்டாம் உலகப்போருக்குப்பின் இருவரும் மேற்கு ஜெர்மனிக்குப் போய்ச் சோபர்ன்ஹைமில் மீண்டும் தொடங்கினார்கள். அந்தச் சிறு நிலையம் ஒரே சமயத்தில் 150 பேருக்கு மேல் தங்கி, பொதுவாக ஆறு வாரம் பயிலும் மருத்துவமனையாக வளர்ந்தது. காத்தரினா 1985இல் காலமானார். பேரன் ஹான்ஸ்-ருடால்ஃப் வைஸ் எலும்பு மருத்துவராகி இம்முறையை ஆய்விதழ்களுக்குக் கொண்டுசென்றார்.

எதிர்ப்பும் இழுபறியும்

அமெரிக்க எலும்பு மருத்துவர்கள் 425 நோயாளிகளை ஆராய்ந்து 1941இல் வெளியிட்ட அறிக்கை, பயிற்சி மட்டும் பெற்றோரில் பெரும்பாலோருக்கு வளைவு கூடியதாகச் சொன்னது. அதன்பின் அந்நாட்டில் பயிற்சியின் மதிப்பு சரிந்தது. மில்வாக்கி கவசமும் அறுவையில் பொருத்தும் ஹாரிங்டன் கம்பியும் முன்னே வந்தன. அந்த ஆய்வில் செய்யப்பட்டவை பொதுவான உடற்பயிற்சிகள், வளைவுக்கேற்ப வகுத்தவை அல்ல என்பது ஷ்ரோத் தரப்பின் வாதம். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2012 மீளாய்வு, தரமான சான்று போதவில்லை என்றது. கனடாவின் எட்மண்டனில் 50 பேரைக் கொண்டு ஆறு மாதம் நடத்தி 2016இல் வெளியான ஆய்வு, ஷ்ரோத் பயிற்சி சேர்த்தவர்களுக்குச் சில பாகை நன்மை கண்டது. எக்ஸ்ரேயில் கோணம் அளப்பதிலேயே ஐந்து பாகை வரை பிசகும் என்பதால் அதை எவ்வளவு நம்புவது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கவசத்துக்குச் சான்று வலுவானது: 2013இல் வெளியான அமெரிக்க, கனடிய ஆய்வில் கவசம் அணிந்தோரில் 72 விழுக்காட்டினர் அறுவை அளவை எட்டாமல் தப்பினர், அணியாதோரில் 48 விழுக்காட்டினர். இன்று பெரும்பாலான மருத்துவர்கள் பயிற்சியைக் கவசத்துக்குத் துணையாக வைக்கிறார்கள், மாற்றாக அல்ல.

தமிழ்நாட்டில்

இங்கே முதுகு வளைவுப் பிள்ளைகளைப் பயிற்சிக்கூடத்துக்கு அழைத்துவந்த நோய்களில் இளம்பிள்ளைவாதம் ஒன்று. ஒரு பக்கத் தசை செயலிழந்தால் மறுபக்கத் தசை முதுகெலும்பைத் தன்பால் இழுத்துவிடும். விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை செய்த மருத்துவர் மேரி வர்கீஸ், நியூயார்க்கில் இத்தகைய செயலிழப்புகளுக்கான மறுவாழ்வு மருத்துவம் பயின்று வேலூர் திரும்பினார். அவர் முன்னின்ற மறுவாழ்வு நிலையம் 1966இல் அங்கே திறக்கப்பட்டது. 2014இல் இந்தியா இளம்பிள்ளைவாதம் அற்ற நாடாகச் சான்று பெற்றது. காரணம் புலப்படாத வளைவுதான் இனி எஞ்சிய பெரும்பங்கு.

வேலூருக்கு அப்பால், விழுப்புரம் மாவட்டத்தின் விக்கிரவாண்டி வட்டாரத்துக்கு நெடுங்காலம் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையும் சென்னையுமே போக்கிடம். விக்கிரவாண்டிக்கும் விழுப்புரத்துக்கும் இடையே முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி 2010இல் வந்தது.

வளைவு வேகமெடுப்பது பூப்பெய்துவதற்குச் சற்று முன்பான வளர்ச்சிக் காலத்தில். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய தாய் மகளின் முதுகைப் பார்ப்பதை நிறுத்துவதும் ஏறத்தாழ அப்போதுதான். பள்ளிச் சுடிதாரின் மேல்கோட்டு இடுப்பின் ஏற்ற இறக்கத்தை மறைத்துவிடும். ரவிக்கைக்கு அளவெடுக்கும் தையற்காரர் ஒரு தோள் இறங்கியிருப்பதைச் சொல்லித் தெரிவதும் உண்டு. பயிற்சி தொடங்கியபின் அன்றாடம் வீட்டில் கண்ணாடிமுன் பிள்ளையோடு நிற்க வேண்டியவரும் தாயோ பாட்டியோதான். மருத்துவமனைக் குறிப்பேடுகளில் அந்த உழைப்பு ஏறுவதில்லை.

அண்மைக்காலம்

2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் 30 நிலைகள் கொண்ட பட்டியலில் வளைந்த பாதமும் இடுப்பு மூட்டுப் பிசகும் உண்டு, பக்கவளைவு தனியாக இல்லை. 2021இல் தமிழ்நாட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீட்டுக்கே இயன்முறை மருத்துவரை அனுப்புகிறது.