கட்டிலருகே அமரக் கற்றவர்கள்

1215-ஆம் ஆண்டு ரோமில் கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் மருத்துவர்களுக்கு ஒரு கட்டளை இட்டது. நோயாளியைப் பார்க்கப் போகும் மருத்துவர், முதல் வேலையாகக் குருவை வரவழைக்கும்படி நோயாளியிடம் சொல்லவேண்டும். உடலுக்கான வைத்தியம் அதற்குப் பிறகுதான். இதற்குச் சங்கம் சொன்ன காரணங்களில் ஒன்று கூர்ந்து கவனிக்கத்தக்கது. நோய் முற்றிய நேரத்தில் மருத்துவர் ஆன்மாவைப் பற்றிப் பேச்செடுத்தால், இனிப் பிழைக்கமாட்டோம் என்று நோயாளி நம்பிக்கை இழக்கிறார், அதனாலேயே சாவு நெருங்கிவிடுகிறது. ஆகவே எல்லாரிடமும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது என்பது அந்தக் காரணம். ஆறுதல் தரவேண்டியவர் வருகிறார் என்றாலே நோயாளி நடுங்கினார் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று கிடைப்பது அரிது. அதைப் பதிவுசெய்திருப்பதும் திருச்சபையின் எதிரிகள் அல்ல, திருச்சபையேதான். மருத்துவமனைக் குருமாரின் வரலாற்றை இரக்கத்தின் இடையறாத ஓட்டமாக எழுதுவது வழக்கம். எனக்கோ அது இந்த அச்சத்தைப் போக்க நடந்த நெடும் போராட்டமாகவே தெரிகிறது. அச்சம் தணிந்தது குருவின் கையிலிருந்த அதிகாரம் குறையக் குறையத்தான் என்பதே என் வாதம்.

அதிகாரம் என்று சொல்வது மிகையல்ல. 1566-இல் திருத்தந்தை ஐந்தாம் பயஸ் லாத்தரன் கட்டளையை மேலும் இறுக்கினார். மூன்று நாளுக்குள் பாவசங்கீர்த்தனம் செய்யாத நோயாளியை மருத்துவர் மேற்கொண்டு பார்க்கக்கூடாது என்று விதித்தார். எல்லா ஊரிலும் எல்லா மருத்துவரும் இதை அப்படியே கடைப்பிடித்திருக்க மாட்டார்கள். ஆனாலும் வைத்தியத்துக்கும் பாவமன்னிப்புக்கும் முடிச்சுப் போட்டது சட்டம். படுக்கையில் கிடப்பவர் மறுத்துப் பேசவோ எழுந்து போகவோ முடியாதவர். அவரிடம் இப்படி நிபந்தனை போட்டுத் தரப்படுவதை ஆறுதல் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

இதை மறுப்பவர்கள் பிரான்சின் போன் நகருக்குக் கைநீட்டுவார்கள். பர்கண்டி நாட்டின் தலைமை அமைச்சர் நிக்கோலா ரோலான் 1443-இல் ஏழைகளுக்காக அங்கே நிறுவிய மருத்துவமனையில், நீண்ட கூடத்தின் இருபுறமும் கட்டில்கள், கூடத்தின் கோடியிலேயே கோயில். எழுந்து நடமாட முடியாதவரும் படுத்த இடத்திலிருந்தே பூசையில் பங்குகொள்ளலாம். பரிவோடு போடப்பட்ட திட்டம்தான் அது. ஆனால் அந்தப் பீடத்துக்கென்று ரோகியர் வான் டெர் வைடன் தீட்டியது இறுதித் தீர்ப்பின் காட்சி: வானதூதர் தராசு பிடித்து ஆன்மாக்களை நிறுக்க, கெட்டவர்கள் நரகத்தை நோக்கி அலறி ஓடுகிறார்கள். திருநாட்களில் பலகைகள் திறக்கும்போது நோயாளி கண்டது இதைத்தான். கோல்மாருக்கு அருகே ஈசன்ஹைமில் இருந்த அந்தோனியார் துறவியர் மடத்தின் படம் வேறு ரகம். பூஞ்சை பிடித்த கம்பு தானியத்தால் கைகால் எரிந்து அழுகும் நோய் வந்தவர்களை அந்தத் துறவிகள் பராமரித்தார்கள். 1512-க்கும் 1516-க்கும் இடையில் ஓவியர் குரூனவால்ட் அவர்களுக்குத் தீட்டித் தந்த சிலுவைநாதரின் மேனியெங்கும் புண், விரல்கள் வேதனையில் முறுக்கிக்கொண்டு நிற்கின்றன. தன் நோவை அறிந்த ஒருவரை நோயாளி அங்கே கண்டிருப்பார். ஆகவே பழங்காலத்தில் ஆறுதலே இல்லை என்று நான் சொல்லவில்லை. சடங்கும் படமும் நம்பிக்கை உள்ளவர்களைத் தாங்கின, இன்றும் தாங்குகின்றன. ஆனால் ஈசன்ஹைம் தாங்கியது எப்படி என்பதுதான் முக்கியம். அந்த உருவம் நோயாளியிடம் எதையும் கேட்கவில்லை, அவர் பக்கத்தில் நின்றது.

அப்படி நிற்க மனிதர்களைப் பழக்கும் வேலை ஏறக்குறைய நம் காலத்தில்தான் தொடங்கியது, தொடங்கியவரும் ஒரு நோயாளி. அமெரிக்கப் போதகர் ஆன்டன் பாய்சன் 1920-இல் கடும் மனக்கலக்கத்துக்கு ஆளாகி, ஏறத்தாழ ஒன்றேகால் ஆண்டு மாசசூசெட்ஸில் மனநல மருத்துவமனைகளில் இருந்தார். ஆராதனை நடத்த வெளியிலிருந்து வந்த போதகர்களுக்கு மதம் தெரிந்திருந்தது, உள்ளே இருந்தவர்களின் நோவு தெரியவில்லை என்பதை அவர் கட்டிலில் இருந்தபடியே கண்டார். 1924-இல் வூஸ்டர் அரசு மனநல மருத்துவமனையில் அவருக்கே சாப்ளின், அதாவது மருத்துவமனைக் குரு, பதவி கிடைத்தது. அடுத்த கோடையில் இறையியல் மாணவர்கள் நால்வரை அங்கே அழைத்துவந்தார். அவர்களைப் பிரசங்க மேடையில் ஏற்றவில்லை, வார்டு உதவியாளர்களாகச் சேர்த்துக்கொண்டார். நோயாளிகளோடேயே பகலெல்லாம் இருந்துவிட்டு, கண்டதை எழுதி மாலையில் விவாதிப்பதுதான் பாடம். நூல்களைப் படிக்கிற அதே கவனத்தோடு உயிருள்ள மனிதரையும் படிக்கவேண்டும் என்பது பாய்சனின் கொள்கை. அதே 1925-இல் பாஸ்டன் மருத்துவர் ரிச்சர்டு காபட், மருத்துவ மாணவர்களைப் போல இறையியல் மாணவர்களும் ஓராண்டு நோயாளிகளிடையே பயிலவேண்டும் என்று எழுதினார். மனநோயின் வேர் உடலிலா உள்ளத்திலா என்ற கேள்வியில் இருவரும் பின்னால் பிரிந்தார்கள். பயிற்சி முறை மட்டும் நிலைத்தது.

காபட்டோடு சேர்ந்து மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் உழைத்த ரசல் டிக்ஸ், நோயாளியோடு பேசியதைத் திரும்பி வந்தவுடன் சொல்லுக்குச் சொல் எழுதிவைப்பார். இந்த வழக்கமே பின்னர் உலகெங்கும் சாப்ளின் பயிற்சியின் முதுகெலும்பானது. அது வேலை செய்யும் விதத்தைப் பார்க்கவேண்டும். பயிற்சியாளர் தாளில் நோயாளி சொன்னது, தான் சொன்னது என்று வரிசை எண் போட்டு எழுதுகிறார். நடுவே விழுந்த மௌனத்தையும் விடுவதில்லை. நோயாளி, "ராத்திரி தூக்கமே வரலைங்க, என்னென்னமோ நினைப்பு" என்றிருப்பார். பயிற்சியாளர், "கவலைப்படாதீங்க, ஜெபம் பண்ணுவோம்" என்றிருப்பார். குழுவில் இதைப் படித்ததும் கேள்வி எழும்: என்ன நினைப்பு என்று ஏன் கேட்கவில்லை? ஜெபம் யாருக்குத் தேவைப்பட்டது, அவருக்கா உனக்கா? குருவின் வாயிலிருந்து வந்ததெல்லாம் கேள்விக்கு அப்பாற்பட்டது என்றிருந்த நிலை மாறி, ஒவ்வொரு வரிக்கும் அவர் பதில் சொல்லவேண்டியதாயிற்று. லாத்தரன் கட்டளைக்கு உண்மையான மாற்று இந்தத் தாள்தான் என்று நான் கருதுகிறேன்.

கத்தோலிக்கத் திருச்சபையும் தன் வழியில் இதே அச்சத்தைத் தணிக்க முயன்றது. அவஸ்தைப்பூசுதல் என்று நம் பெரியவர்கள் சொல்லிவந்த, எண்ணெய் பூசும் சடங்கு சாகும் தறுவாயில் இருப்பவருக்கு மட்டுமானதல்ல, நோயாலோ முதுமையாலோ ஆபத்து தொடங்கும்போதே பெறலாம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் தெளிவுபடுத்தியது. 1972-இல் சடங்குமுறையே திருத்தப்பட்டது. குரு எண்ணெயோடு வந்தால் சாவு வந்தது என்று பொருளாகாது என்றாக, 1215-இலிருந்து எழுநூற்றைம்பது ஆண்டுகள் பிடித்திருக்கின்றன.

இது கிறிஸ்தவத்துக்கு மட்டும் நேர்ந்த சிக்கலா? ஜப்பானில் பௌத்தத் துறவியின் நீண்ட நாள் வேலை ஈமச்சடங்கு என்றே ஆகிவிட்டதால், அங்கி அணிந்து அவர் மருத்துவமனைக்குள் நுழைவதை மக்கள் அபசகுனமாகவே பார்த்தார்கள். 2011 மார்ச்சில் வந்த சுனாமிக்குப் பிறகு, கனேதா தைஓ என்ற ஜென் துறவி, தப்பிப்பிழைத்தவர்கள் தங்கியிருந்த இடங்களுக்குக் காபியும் கேக்கும் கொண்டுபோய், அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். 2012-இல் செந்தாய் நகரின் தோஹோகு பல்கலைக்கழகம் இப்படித் துணையிருப்பதற்கு எல்லா மதத்தாருக்கும் பொதுவாக ஒரு பயிற்சி தொடங்கியது. மதம் பரப்பக்கூடாது என்பது அதன் அடிப்படை விதி. இந்த விதியின் அருமை நமக்கும் தெரியும். 1820-இல் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் பணியாற்றத் தொடங்கிய ஜான் ஸ்கடர் ஒரே ஆளாக மருத்துவரும் போதகரும். அவருக்குப் பின் தமிழ் மண்ணில் எழுந்த மிஷன் மருத்துவமனைகளின் தொண்டை நன்றியோடுதான் நினைக்கவேண்டும். அவர் பேத்தி ஐடா தொடங்கிய வேலூர் சி.எம்.சி. அதற்குச் சாட்சி. ஆனால் மருந்துக்குக் காத்திருப்பவர் கேட்கும் பிரசங்கம் அவராகத் தேடிவந்து கேட்டதல்ல என்ற குறையைச் சொல்லாமல் விடமுடியாது.

கொள்கையைப் பேசாதவர் குருவா, அந்த வேலைக்கு உளவியலாளர் போதாதா என்ற கேள்வி வலுவானது. உளவியலாளர் குணப்படுத்த வருகிறார், அது அவர் கடமை. ஆனால் செத்த மகனிடம் மன்னிப்புக் கேட்கத் துடிப்பதும், என்னை ஏன் கடவுள் இப்படிச் செய்தார் என்று கோபப்படுவதும் குணப்படுத்தவேண்டிய நோய்கள் அல்லவே. அவற்றுக்குத் துணையிருக்க ஒருவர் வேண்டும், வேண்டிக்கொண்டால் சடங்கும் செய்யத் தெரிந்தவராக இருந்தால் நல்லது. நெதர்லாந்தில் கடவுள் நம்பிக்கை அற்ற மனிதநேயர்களும் உட்ரெக்ட் நகரில் தமக்கென ஒரு பல்கலைக்கழகத்தில் பயின்று மருத்துவமனைகளில் இப்பணி செய்கிறார்கள். மதம் இல்லாதவருக்கும் இந்தத் தேவை இருக்கிறது என்பதற்கு அவர்களே சான்று. எனக்குக் கவலை தருவது வேறொன்று. இன்று அமெரிக்க மருத்துவமனைகளில் சாப்ளின்கள் தங்கள் சந்திப்புகளை நோயாளியின் கணினிப் பதிவேட்டில் ஏற்றுகிறார்கள், அதை மருத்துவரும் நர்சும் படிக்கலாம். சிகிச்சைக் குழுவில் இடம் கிடைக்க இது அவசியம் என்கிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. போய்ப் பார்த்தேன், மறுபடி வரச்சொன்னார் என்பது வரை எழுதலாம். நோயாளி மனம்விட்டுச் சொன்னதை அவர் சம்மதமின்றி ஒரு வரிகூட அதில் ஏற்றக்கூடாது.